டேப் பாய் கடையும் எம்.ஆர்.ராதா குரலும்

பழைய கேசட், ஸ்பூல் டேப் (கூடு இல்லாமல் சக்கரத்தில் சுற்றிய நாடா), இசைத்தட்டு என்று எதைக் கொடுத்தாலும் பென்டிரைவில் ஏற்றித் தருகிற கடை ஒன்று திருச்சி தெப்பக்குளம் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. "டேப் பாய் கடை எது?" என்று கேட்டால் பூ விற்கிறவர்களே கையைக் காட்டுவார்கள். ரேடியோ, டேப்ரிக்கார்டர் பழுது பார்க்கிற கடையாக ஆரம்பித்தது. இப்போது அந்த வேலை குறைந்துபோய், பரணில் கிடந்த கேசட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். கல்யாண நாதஸ்வரம், தாத்தா பேசிய கேசட், பஜனை, இப்படி. நான் கொண்டுபோனது முழுக்க நடிகர் எம்.ஆர்.ராதாவின் குரல்.

எனக்குத் தொழில் மைக்செட். அப்பா ஆரம்பித்தது. துறையூர் பக்கத்து ஊர்களில் திருவிழா, காதுகுத்து, சடங்கு என்றால் விடிகாலையிலேயே போய்க் குழாய் கட்டிவிடுவோம். காலையில் சாமி பாட்டு, மதியம் பந்தி நடக்கும்போது சினிமாப் பாட்டு, அப்புறம் படங்களின் கதை வசனம். திருவிளையாடல், வீரபாண்டிய கட்டபொம்மன், பிற்பாடு விதி. ஊர் அடங்குகிற நேரத்தில் ராதா நடித்த ரத்தக்கண்ணீர். இன்றைக்கு எல்லாம் போனில் இருந்துதான் ஓடுகிறது என்றாலும், சில ஊர்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் இன்னும் "தம்பி, ராதாவைப் போடேன்" என்பார்கள். இணையத்தில் இருப்பதைப் போட்டால் நடுவில் விளம்பரம் புகுந்து, ரத்தக்கண்ணீர் காந்தா பேச வேண்டிய இடத்தில் யாரோ சோப்பு விற்கிறார்கள். அதனால்தான் வீட்டில் இருந்த சரக்கையே மாற்றிவிடுவோம் என்று கிளம்பினேன்.

கொடுத்தது இவ்வளவு: ரத்தக்கண்ணீர் கதை வசனக் கேசட்டுகள், வானொலியில் படத்தின் ஒலியை மட்டும் ஒலிச்சித்திரமாகப் போட்டபோது அப்பா பதிவு செய்து வைத்த கேசட்டுகள் (பாகப்பிரிவினை, பாவ மன்னிப்பு, பலே பாண்டியா), அப்புறம் ஒரு ஸ்பூல் டேப். அந்த ஸ்பூல்தான் எனக்கு முக்கியம். ராதா சிறையிலிருந்து வந்தபிறகு மறுபடி நாடகம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், மணப்பாறைப் பக்கம் ஒரு ஊரில் அவர் நாடகத்துக்கு எங்கள் மைக்செட். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அப்பா டேப்பில் போட்டு வைத்திருக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பாய்க்குக் கை வேலை அத்துப்படி. கேசட்டைக் கையில் வாங்கியதும் பிளேயரில் போட்டுவிடவில்லை. ஓட்டை வழியாக உள்ளே பார்த்தார். நாடாவை அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சு ஒரு கேசட்டில் கழன்றிருந்தது. திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய கேசட் அது. ஓரத்தில் பிளேடு வைத்துப் பிளந்து, நாடாவை எடுத்து வேறு கூட்டில் மாற்றினார். பூஞ்சை பிடித்திருந்த இன்னொன்றைத் துணியில் ஒற்றி ஒற்றிச் சுற்றினார். அப்புறம் பிளேயரில் போட்டார். குரல் மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல வந்தது. டெக்கின் முன்மூடியைக் கழற்றி, நாடாவைப் படிக்கிற ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டித் திருகாணியைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே துளித் துளியாகத் திருப்பினார். கால் சுற்றுகூட இருக்காது. சட்டென்று ராதா வெளியே வந்துவிட்டார்.

"அண்ணே, பதிஞ்ச மிஷின்ல ஹெட்டு எந்தச் சாய்வுல இருந்துச்சோ அதே சாய்வுக்கு நம்ம ஹெட்டும் போகணும். ஒவ்வொரு கேசட்டுக்கும் மாத்தணும். மத்த எடத்துல இத செய்ய மாட்டாங்க" என்றார். உண்மைதான். கணினியில் செருகுகிற மலிவான கேசட் பெட்டியை வாங்கி வீட்டிலேயே மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே பாயிடம் போகலாம்.

ராதா குரல் கடையைச் சோதிக்க நல்ல சரக்கு என்பது போன பிறகுதான் புரிந்தது. அவரிடம் ஒரே வாயில் இரண்டு குரல் உண்டு. அடித்தொண்டையில் கரகரவென்று ஒன்று. நினைத்துப் பார்க்காத இடத்தில் கிறீச்சென்று மேலே ஏறுகிற இன்னொன்று. கேசட்டின் 'ஸ்ஸ்' என்கிற இரைச்சல் இருக்கிற உயரத்திலேயே அந்தக் கிறீச்சும் இருக்கிறது. கரகரப்பும் கேட்பதற்கு இரைச்சல் மாதிரியேதான். கணினிக்கு எது குப்பை, எது ராதா என்று தெரியாது.

அந்தக் குரல் மைக் வைத்துப் பழகிய குரலும் இல்லை. 1907இல் சென்னையில் பிறந்தவர். அப்பா ராஜகோபால் பட்டாளத்துக்காரர். முதல் உலகப் போரில் இறந்துபோனார். இன்னொரு துண்டு மீன் கேட்டு அம்மா தரவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிய பையன் நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தான் என்பது எல்லோரும் சொல்கிற கதை. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட ஜெகந்நாத ஐயரின் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர். அந்தக் கால நாடகம் பாதிக்குப் பாதி பாட்டு. நன்றாகப் பாடுகிறவன்தான் ராஜபார்ட், அதாவது கதாநாயகன். இவர் பேச்சை வைத்தே பிழைத்தார், அதுவும் கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் கேட்கிற மாதிரி. 'இழந்த காதல்' நாடகத்தில் சனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு காட்சியை ஓட்டிக் கைதட்டல் வாங்கினார் என்பார்கள். முகத்தைக் காட்டாமல் குரலால் மட்டும் கட்டிப்போட முடிகிற ஆளைத்தான் நான் கேசட்டில் அடைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

சினிமா அவருக்கு இரண்டு தவணை. 1937இல் 'ராஜசேகரன்', அதன்பின் சில வருடங்களில் நாலைந்து படங்கள். அப்புறம் சினிமாவை விட்டுவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டார். சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி 'நடிகவேள்' என்று பட்டம் கொடுத்தது, தூக்குமேடை நாடகத்தில் மு. கருணாநிதியை இவர் 'கலைஞர்' என்று அழைத்தது, இவருடைய ராமாயண நாடகத்துக்கு எதிர்ப்பு வந்தபோது மனம் புண்படுகிறவர்கள் வரவேண்டாம் என்று இவரே விளம்பரம் செய்தது எல்லாம் மேடைக் காலத்தில்தான். நாடகங்களுக்குக் கட்டுப்பாடு போட்டு 1954இல் வந்த சட்டமே இவரை மனதில் வைத்துத்தான் வந்தது என்று பேச்சு. சென்னை பெரியார் திடலில் இருக்கிற மன்றத்துக்கு இவர் பெயர். திருச்சிக்காரர்களுக்கு இவர் சங்கிலியாண்டபுரத்துக்காரர், வீடு அங்கேதான். பாய்கூட, "எங்க வாப்பா அவரு காரைப் பாத்துருக்காரு" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். அதற்குள் டெக்கில் கேசட் ஒரு பக்கம் முடிந்து தானாக நின்றிருந்தது.

இனி கடையின் குறை. கைவேலை முடிந்ததும் சரக்கு பாயின் மகனிடம் போகிறது. கணினி அவர் கையில். "ஏ.ஐ. போட்டு கிளீன் பண்ணித் தர்றேண்ணே, கேசட்டுக்கு 150 எக்ஸ்ட்ரா" என்றார். சரி என்றேன். வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் போட்டதும் இரைச்சல் சுத்தமாக இல்லை. கண்ணாடிபோல இருந்தது. முதல் பாதி, அதாவது சீமையிலிருந்து வந்த மோகனசுந்தரம் (ராதாவின் வேடம்) ஊரையே கிண்டல் செய்கிற பகுதி, பரவாயில்லை. நோய் வந்த பிறகு வருகிற பகுதியில்தான் சங்கதி. ரத்தக்கண்ணீர் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இரண்டாம் பாதியில் வசனத்தில் பாதி மூச்சு. இழுப்பு, இருமல், தொண்டையில் சிக்கி வருகிற சொல், சொல்லை முடிக்காமல் விடுகிற காற்று. கணினி எல்லாவற்றையும் குப்பை என்று எடுத்துவிட்டது. தொழுநோய் முற்றிய மோகனசுந்தரத்தைப் பூரணமாகக் குணப்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள். ஆள் திடகாத்திரமாகப் பிச்சை கேட்கிறார்.

'குற்றம் புரிந்தவன்' பாட்டில் இன்னும் மோசம். சி.எஸ். ஜெயராமன் பாடப் பாட, வரிக்கு நடுவில் ராதா குரல் குறுக்கே பாயும். பாட்டு ஒரு ஆள், பேச்சு ஒரு ஆள், ஆனால் ஒரே மனுஷன் புலம்புவதாகக் கேட்க வேண்டும். கணினி, பேச்சு வருகிறபோதெல்லாம் வாத்தியத்தைக் கீழே இறக்கி, பேச்சு நின்றதும் மேலே ஏற்றியிருந்தது. யாரோ வால்யூமை வைத்து விளையாடுகிற மாதிரி. பத்து ரூபாய் கூலி வாங்குகிற மைக்செட்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

அடுத்தது பிரித்துத் தருகிற விஷயம். ஒரு பக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகத் தராமல், மௌனம் வருகிற இடத்தில் தானாக வெட்டிவிடுகிற ஏற்பாடு ஒன்று வைத்திருக்கிறார்கள். பாட்டுக் கேசட்டுக்கு அது வசதி. ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகக் கிடைக்கும். ராதா கேசட்டுக்கு? அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துவார். எதிராளி முழிப்பான். நாமும் முழிப்போம். அப்புறம்தான் கிறீச்சென்று அந்த ஒற்றைச் சொல் வரும். கேள்வி 'டிராக் 07'இல், பதில் 'டிராக் 08'இல். நடுவில் பிளேயர் வேறு ஒரு நொடி யோசிக்கிறது. நகைச்சுவையே அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அதை வெட்டி இரண்டு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் நான் எதைப் போடுவது? கோப்புகளுக்குப் பெயரும் கிடையாது. எல்லாம் டிராக், டிராக், டிராக்.

ஸ்பூலுக்கு வருகிறேன். நாடகத்தில் ராதா பேசியது படத்தில் இருப்பது மாதிரி இருக்காது. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய வசனம் எலும்புக்கூடு. சதை அன்றன்றைக்கு ராதா ஒட்டிக்கொள்வது. அந்த வாரச் செய்தி, அந்த ஊர், முன்வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் உள்ளே வரும். ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் வேறு. அதனால் ஒரு நாள் டேப் போனால் அந்த நாள் நாடகம் போச்சு. படத்தை எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கி 1954 தீபாவளிக்கு வந்த படம் அது, சினிமாவில் அவருடைய இரண்டாம் தவணை. சம்பளம் பேசும்போது பாடகி கே.பி. சுந்தராம்பாளுக்கு லட்சம் கொடுத்தார்கள், எனக்கு அதைவிட 25,000 கூட வேண்டும் என்றாராம். நாடகத்தை நிறுத்தமாட்டேன், முடித்துவிட்டு ராத்திரியில் வந்து நடிக்கிறேன் என்றாராம். படம் ஓடியபிறகும் மேடையை விடவில்லை.

ஸ்பூலைச் சுத்தம் செய்த கோப்பில் என்ன ஆகியிருந்தது தெரியுமா? சனங்களைக் காணோம். சிரிப்பு, விசில், பின்னால் ஜெனரேட்டர், யார் மடியிலோ அழுகிற குழந்தை, எல்லாம் போய், ராதா மட்டும் ஆளில்லாத மண்டபத்தில் பேசுகிறார். பேசிவிட்டுச் சும்மா நிற்கிறார். எதற்கு நிற்கிறார் என்றே புரியவில்லை. பாயிடம் திரும்பப் போய், சுத்தம் செய்யாத மூலக் கோப்பைக் கேட்டேன். நல்லவேளை, மகன் அதை அழிக்காமல் வைத்திருந்தார். அதைப் போட்டால் விஷயம் புரிகிறது. ஒன்றைச் சொல்கிறார். சிரிப்பு பின்னாலிருந்து கிளம்பி முன்னால் வருகிறது. காத்திருக்கிறார். அடங்குகிறது. முழுசாக அடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், கடைசி நாலு பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் போடுகிறார். அந்த நாலு பேர் சிரிப்பின் மேலேயே புதுச் சிரிப்பு ஏறுகிறது. அவர் மைக்கைவிட்டுத் தள்ளிப் போகிறதும் நன்றாகத் தெரிகிறது. மரப்பலகை கிறீச்சிடுகிறது, குரல் பின்னால் போகிறது, ஆனால் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்துக்குப் பக்கம். நடுவில் நாலு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வந்த தொண்டை.

சிறை என்றதும் ஒன்று. 1967 ஜனவரி 12, எம்.ஜி.ஆர். வீடான ராமாவரம் தோட்டம், எம்.ஜி.ஆர். மேல் பாய்ந்த குண்டு, ராதாவுக்கும் காயம், ராதா மேல் வழக்கு, ஏழு வருடத் தண்டனை, மேல்முறையீட்டில் குறைப்பு, 1971இல் விடுதலை. இதில் யார் பக்கம் பேசினாலும் எங்கள் ஊர் டீக்கடையில் சண்டை வரும், நான் பேசவில்லை. ஒலிக்காரனாக எனக்குத் தெரிவது, குண்டு தொண்டையில் பட்டு எம்.ஜி.ஆர். குரல் மாறிப்போனது. அதே வருடம் வந்த காவல்காரன் கேசட்டைக் கேட்டால் சில இடத்தில் பழைய குரல், சில இடத்தில் புதுக் குரல். அதற்கு முந்திய வருடம்தான் இருவரும் பெற்றால்தான் பிள்ளையாவில் சேர்ந்து நடித்திருந்தார்கள். ஒருவர் குரல் மாறியது. மற்றவர் குரலைச் சில வருடம் யாரும் கேட்கவில்லை.

ஒலிச்சித்திரக் கேசட்டுகள் நன்றாகவே வந்திருக்கின்றன. வானொலிப் பதிவு, குரல் நடுவாந்தரம், கணினி அதிகம் கை வைக்க இடமில்லை. பாகப்பிரிவினையில் சிங்கப்பூரிலிருந்து வந்து ஒற்றுமையாக இருக்கிற குடும்பத்தில் கலகம் மூட்டுகிற ராதாவைப் படம் இல்லாமல் கேட்டுப் பாருங்கள். வில்லனை முதலில் கேட்டுச் சிரித்துவிடுகிறோம். அப்புறம்தான் என்ன செய்துவிட்டுப் போனான் என்று உறைக்கிறது. பாவ மன்னிப்பு ஆளவந்தாரும் அதே வகைதான், கொஞ்சம் கூடுதல் விஷம். 1960களின் முதல் பாதியில் இந்த மாதிரி எத்தனை படம்! வாய்ப்பு கேட்டு அலையாமல் வந்ததையெல்லாம் நடித்தார் என்பதால் சுமாரான படமும் உண்டு, அவற்றை நான் மாற்றவில்லை. பலே பாண்டியாவில் சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. 'நீயே உனக்கு என்றும்' பாட்டில் வருகிற ஜதியை ராதாவே போட்டார் என்று எங்கள் ஊரில் பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எம். ராஜுவின் குரல். ராதாவின் வாயசைப்பு அவ்வளவு பொருத்தம். கேசட்டில் வாய் தெரியாதபோது வித்தியாசம் நன்றாகவே கேட்கிறது. பாயிடம் சொன்னேன். நம்பவில்லை.

மூலக் கோப்பைக் கேட்டதும் பாய் முகம் சுளிக்கவில்லை. சுத்தம் செய்ததற்கு வாங்கிய பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். மகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "நாய்ஸோட கேட்டா நல்லாவாண்ணே இருக்கும்?" என்றார். ஸ்பூலில் ஒரு இடத்தை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அந்தாளு சிரிப்புக்கு வெயிட் பண்றாருல்ல?" என்று அவரே சொன்னார். இப்போது நாடகம், பேச்சு என்று யாராவது கொண்டுவந்தால் ஏ.ஐ. வேண்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறாராம். ஜெனரேட்டரின் 'உம்ம்' சத்தத்தை மட்டும் லேசாகக் குறைத்து, மற்றதைத் தொடாமல் ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். அதைத்தான் இப்போது குழாயில் போடுகிறேன். போன மாதம் ஒரு காதுகுத்தில் போட்டபோது, பந்தி பரிமாறுகிற பையன்கள்கூட வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள். சாம்பார் கேட்டவர் திட்டினார்.

மொத்தத்தில் கைவேலைக்கு ஐந்துக்கு ஐந்து, கணினி வேலைக்கு ஐந்துக்கு இரண்டு. சொன்ன தேதிக்குக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். விசேஷத்துக்கு வேண்டும் என்றால் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

விலை: கேசட் ஒன்றுக்கு 200, இசைத்தட்டுக்கு 300, ஸ்பூல் 800. நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துச் சரிசெய்யத் தனிக் காசு, அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். பென்டிரைவ் நீங்களே கொண்டு போங்கள். கடையில் தருவது என் மிக்ஸரில் இரண்டாம் நாளே எடுக்கவில்லை. எம்பி3 மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் சுருக்காத வேவ் கோப்பும் கேளுங்கள், கூடுதல் பணம் வாங்குவதில்லை. பில்லில் 'கிளீன் வேண்டாம், வெட்ட வேண்டாம், ஒரு பக்கம் ஒரே கோப்பு' என்று எழுதச் சொல்லுங்கள். சந்துக்குள் கார் போகாது. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போய்விடுவார். மூன்று மணிக்கு மேல் போங்கள்.